சிப் இயந்திரப் பங்குகளுக்கு ஆரூடம் சொல்வது எப்படி?

தங்கம் எப்போது இறங்கும் என்று சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். மனை விலையைப் பற்றிப் பேச புரோக்கர்களே போதும். தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொல்வதற்கோ யூடியூபில் நிற்கக்கூட இடமில்லை. இன்னும் கூட்டம் சேராத துறை ஒன்று உண்டு. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைத் தயாரிக்கும் கம்பெனிகளின் பங்கு எப்போது ஏறும், எப்போது விழும் என்று சொல்வதுதான் அது. கேட்பவருக்குப் பாதி புரியாது. புரிந்த பாதியை அடுத்த தீபாவளிக்குள் மறந்துவிடுவார். முதலீடும் அதிகமில்லை: ஒரு வரைபடம், ஐந்து பெயர்கள், கொஞ்சம் கவலை தோய்ந்த முகம்.

பெயர்களிலிருந்து தொடங்குங்கள். நெதர்லாந்தில் வெல்டோவன் ஊரில் ஏ.எஸ்.எம்.எல். வேஃபரின், அதாவது சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டின், மேல் ஒளியால் சுற்றுகளை அச்சிடும் இயந்திரம் இவர்களுடையது. அதில் மிக நுணுக்கமான இ.யு.வி. வகையை உலகத்தில் வேறு யாரும் செய்வதில்லை. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவின் அப்ளைடு மெட்டீரியல்ஸ் வேஃபரின் மேல் படலம் படலமாகப் பூசுவதில் பெரிய கை. ஃப்ரீமாண்டின் லாம் ரிசர்ச் பூசியதில் வேண்டாததைச் செதுக்கி எடுப்பதில் கெட்டி. டோக்கியோ எலெக்ட்ரான் ஒளி படும் ரசாயனத்தைத் தடவி, பிறகு கழுவியும் கொடுக்கும். ஐந்தாவது, மில்பிடாஸின் கே.எல்.ஏ. மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதே இதன் பிழைப்பு. இந்த ஐந்தாவது பெயரைச் சொல்லும்போது அரை நொடி யோசிப்பதுபோல் நிறுத்திச் சொல்லவும். முதல் மூன்றை இப்போதெல்லாம் பேங்க் ஊழியர்கள்கூடச் சொல்கிறார்கள்.

வாங்குகிறவர்கள் யார் என்பது இன்னும் சுலபம். தைவானின் டி.எஸ்.எம்.சி., கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான், இன்டெல், இவர்களோடு சீனத் தொழிற்சாலைகள். பெரிய வாடிக்கையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓர் இ.யு.வி. இயந்திரம் 15 கோடி யூரோவுக்கு மேல்; அதன் புதிய ஹை-என்.ஏ. வகை 35 கோடி யூரோவை ஒட்டி. இந்த வாடிக்கையாளர்களில் ஒருவர், ‘கட்டடம் இன்னும் முடியவில்லை, மூன்று இயந்திரங்களை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் விற்பவரின் ஒரு காலாண்டுக் கணக்கே மாறிவிடும். நீங்கள் முன்னறிந்து சொல்லப்போகும் ‘உலகளாவிய சுழற்சி’ என்பது பல சமயம் அந்த ஒருவரின் கட்டட வேலைதான். இதைக் கேட்பவரிடம் சொல்லாதீர்கள். வியாபாரம் கெடும்.

அடுத்தது சுழற்சி ஏன் வருகிறது என்ற விளக்கம். இதை மட்டும் உண்மையாகவே புரிந்துகொள்வது நல்லது. தொழிலில் கால் ஊன்றியபின் மறந்துகொள்ளலாம். ஒரு பனியன் கம்பெனியில் 100 தையல் மெஷின்கள் ஓடுகின்றன என்று வையுங்கள். ஒரு மெஷினின் ஆயுள் பத்து வருடம். ஆகவே வருடா வருடம் தேய்ந்த பத்தைக் கழித்துப் புதிதாகப் பத்து வாங்குவார் முதலாளி. இந்த வருடம் பனியன் ஆர்டர் பத்து சதவீதம் கூடுகிறது. இப்போது அவருக்கு 110 மெஷின்கள் வேண்டும். வழக்கமான பத்தோடு இன்னும் பத்து வாங்குகிறார். மெஷின் விற்பவரின் வியாபாரம் ஒரே வருடத்தில் இரட்டிப்பு! அவர் வீட்டுக்கு மாடி எடுக்கிறார். அடுத்த வருடம் பனியன் ஆர்டர் பத்து சதவீதம் குறைந்து 99 மெஷின்களுக்கான வேலைதான் இருக்கிறது. பத்து தேய்ந்தது போக முதலாளியிடம் 100 மெஷின்கள் மிச்சம். புதிதாக எத்தனை வாங்குவார்? ஒன்றுகூட இல்லை. பனியன் வியாபாரம் பத்து ஏறிப் பத்து இறங்கியது. மெஷின் வியாபாரம் இரட்டிப்பாகிப் பூஜ்யமானது. மாடி பாதியில் நிற்கிறது.

இந்தக் கணக்கு அப்படியே நடந்த வருடங்கள் உண்டு. 2000இல் உலகச் சிப் விற்பனை ஏறத்தாழ 20,400 கோடி டாலர். மறுவருடம் 13,900 கோடி. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இயந்திர விற்பனையோ 4,770 கோடி டாலரிலிருந்து 2,800 கோடிக்கு விழுந்து, 2002இல் 2,000 கோடிக்கும் கீழே போய்த்தான் நின்றது. 2009இல் 1,590 கோடி. 2010இல் ஏறத்தாழ 3,950 கோடி. ஒரே வருடத்தில் இரண்டரை மடங்கு. இப்படித் தூக்கிப் போடும் தொழிலில் எந்தத் திசையைச் சொன்னாலும் என்றாவது ஒருநாள் பலிக்கும். நீங்கள் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான்.

இனி வரைபடம். இயந்திர விற்பனையின் பழைய உச்சங்களைக் குறியுங்கள்: 2000, 2004, 2007, 2011. இடைவெளி நான்கு, மூன்று, நான்கு. ‘நான்கு வருடச் சுழற்சி’ என்று தடித்த எழுத்தில் தலைப்பு வைத்து, கோட்டை மெதுவாக நெளித்து வரையவும். 2011க்கு அப்புறம் பெரிய உச்சம் 2018இல்தான் வந்தது என்று யாராவது குறுக்கே கேட்டால், 2014இல் சிறிதாக ஒரு மேடு இருக்கிறது, அதைக் காட்டுங்கள். எந்த மேட்டை உச்சம் என்று எண்ணுவது, எதை விடுவது என்பதுதான் இந்தக் கலையின் பாதி. மீதிப் பாதி, வரைபடத்தின் வலது ஓரத்தில் புள்ளிக்கோட்டை மேல் நோக்கி முடிப்பது.

ஆரூடம் பொய்த்தால் மானம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்கள் 2023ஆம் ஆண்டைப் படிக்க வேண்டும். இந்தத் தொழிலின் உலகச் சங்கம் செமி. இயந்திரம் செய்பவர்களே உறுப்பினர்கள். ஆர்டர் புத்தகம் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. அதைவிட உள்தகவல் யாருக்கும் கிடைக்காது. 2022 டிசம்பரில் இந்தச் சங்கம், 2023இல் விற்பனை 9,120 கோடி டாலராகக் குறையும் என்றது. அப்போது எல்லாமே இருண்டு கிடந்தது. கோவிட் காலத்தில் அலைமோதி வாங்கிய லேப்டாப்பும் ஃபோனும் தேங்கிவிட்டன. மெமரி சிப் விலை சரிந்துகொண்டிருந்தது. வருடத் தொடக்கத்தில் 4,000 முதல் 4,400 கோடி டாலர் வரை முதலீடு செய்வதாகச் சொன்ன டி.எஸ்.எம்.சி. அக்டோபரில் அதை 3,600 கோடி அளவுக்கு வெட்டிவிட்டது. போதாக்குறைக்கு அக்டோபர் 7ஆம் தேதி, மேம்பட்ட சிப் இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்க அமெரிக்கா தடைகளை அறிவித்தது. 2023 ஜூலையில், அதாவது பாதி வருடம் கண்ணெதிரே ஓடி முடிந்தபின், சங்கம் தன் கணிப்பை 8,740 கோடிக்கு இன்னும் இறக்கியது. டிசம்பரில், வருடம் முடியப் பதினைந்து இருபது நாள் இருக்கையில், 10,000 கோடி என்று ஏற்றியது. கடைசியில் கணக்கு முடித்தபோது வந்தது 10,630 கோடி. முந்தைய வருடத்தைவிடக் குறைந்தது ஒன்றே கால் சதவீதம்தான்!

என்ன நடந்தது? தடைக்குள் வராத பழைய ரகச் சிப்களுக்கான இயந்திரங்களைச் சீனா அள்ளியது. நாளைக்கு இதையும் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் இன்னும் அள்ளியது. 2022இல் ஏ.எஸ்.எம்.எல்.லின் இயந்திர விற்பனையில் சீனாவின் பங்கு 14 சதவீதம். 2024இன் முதல் இரண்டு காலாண்டுகளில் 49 சதவீதம். விற்பனையைக் குறைக்கும் என்று எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொண்ட தடைதான் விற்பனையைத் தாங்கிப் பிடித்தது. இதில் உங்களுக்கான பாடம் ஒன்றுண்டு: செமி இன்றும் வருடந்தோறும் கணிப்பு வெளியிடுகிறது, பத்திரிகைகளும் அதைத் தலைப்புச் செய்தியாகப் போடுகின்றன. ஆர்டர் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே இவ்வளவு சலுகை இருக்கும்போது, வாட்ஸ்அப்பை மட்டும் வைத்திருக்கும் உங்களை யார் கேட்கப்போகிறார்கள்?

அடுத்ததாக உங்களுக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு காலத்தில் இதற்கென்றே ‘புக்-டு-பில்’ என்று ஒன்று மாதாமாதம் வந்தது. வட அமெரிக்க இயந்திரக் கம்பெனிகளுக்குப் புதிதாக வந்த ஆர்டரை, அனுப்பிப் பில் போட்ட தொகையால் வகுப்பது. மூன்று மாதச் சராசரி. ஒன்றுக்கு மேலே போனால் நல்ல காலம், கீழே போனால் கெட்ட காலம். 2001இல் இது 0.5க்கும் கீழே போனது. எட்டாம் வகுப்பு கணக்கு தெரிந்தால் போதும் என்பதால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வாடிக்கையாளர்கள் ஒன்றிணைந்து நாலைந்து பேராகச் சுருங்கியபின் ஒரே ஆர்டர் இந்த எண்ணைத் தூக்கியும் தாழ்த்தியும் விளையாட ஆரம்பித்தது. 2017 தொடக்கத்தில் செமி இதை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. ஆகவே நீங்கள் தயங்காமல் இதையே பயன்படுத்துங்கள். ‘புக்-டு-பில் திரும்பப்போகிறது’ என்று சொன்னால் மறுக்க எவரிடமும் எண் இல்லை.

நிகழ்கால எண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஏ.எஸ்.எம்.எல்.லின் காலாண்டு ஆர்டர் தொகை இருந்தது. 2023 கடைசிக் காலாண்டிலிருந்து வரிசையாகப் பாருங்கள்: 920 கோடி யூரோ, 360, 560, 260, 710. எந்த மருத்துவரும் இந்த வரைபடத்தைப் பார்த்தால் அட்மிட் ஆகச் சொல்வார். இதில் அந்த 260ஐப் பார்த்துத்தான் சந்தை மூர்ச்சை போட்டது. 2024 அக்டோபர் 15ஆம் தேதி, தொழில்நுட்பக் கோளாறால் முடிவுகள் ஒருநாள் முன்னதாகவே இணையதளத்தில் ஏறிவிட்டன. சந்தை எதிர்பார்த்ததில் பாதிகூட ஆர்டர் இல்லை. பங்கு ஒரே நாளில் 16 சதவீதம் விழுந்தது. 1998க்குப் பிறகு அப்படி ஒரு வீழ்ச்சி அதற்கு இல்லை. சிப் உலகின் அத்தனை நுணுக்கத்துக்கும் ஆதாரமான கம்பெனி, நாளைய கோப்பை இன்றைக்கே போட்டுவிட்டது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. இத்தனை ஆட்டத்துக்கும் நடுவே கம்பெனியின் வருட விற்பனை என்ன ஆனது என்கிறீர்களா? 2023இல் 2,760 கோடி யூரோ, 2024இல் 2,830 கோடி. ஆர்டர்தான் குதித்ததே தவிர, இயந்திரங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. காலாண்டு ஆர்டரைச் சொல்வதையே 2026 முதல் நிறுத்தப்போவதாகக் கம்பெனி பிறகு அறிவித்தது. அதாவது, நீங்கள் நம்பியிருக்க வேண்டிய இரண்டாவது அளவுகோலும் புக்-டு-பில் வழியே போயிற்று. தொழில் உங்களுக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறது பாருங்கள்.

எண்கள் ஓய்ந்தால் வாய்ச்சொல்லைப் பிடியுங்கள். 2025 ஜூலையில் ஏ.எஸ்.எம்.எல்.லின் ஆர்டர்கள் எதிர்பார்ப்பைத் தாண்டியே இருந்தன. ஆனால் 2026இல் வளர்ச்சி இருக்கும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது என்றார் தலைமை நிர்வாகி. நாளையைப் பற்றித் தெரியாது என்று ஒரு பெரிய மனிதர் யோக்கியமாக ஒப்புக்கொண்டதற்குச் சந்தை தந்த பரிசு, அன்றைக்கே பத்து சதவீதத்தை ஒட்டிய சரிவு. மூன்று மாதம் கழித்து, 2026 விற்பனை 2025ஐவிடக் குறையாது என்றார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆகவே ‘தெரியாது’ என்று மட்டும் நீங்கள் எப்போதும் சொல்லாதீர்கள். அதற்கு விலை அதிகம்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருகிறோம். சுழற்சியை நீங்கள் சரியாகவே கணித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் பணம் வராமல் போகலாம். பங்கு, லாபத்தோடு சேர்ந்து நடப்பதில்லை. அதற்கு முன்னால் ஓடிவிடும். 2022இல், சிப் துறைப் பங்குகளை அளக்கும் ஃபிலடெல்பியா செமிகண்டக்டர் குறியீடு அதலபாதாளத்தைத் தொட்டது அக்டோபர் நடுவில், சீனத் தடை வந்த ஒரு வாரத்துக்குள். செய்திகள் அப்போதுதான் கெட ஆரம்பித்திருந்தன. மெமரி கம்பெனிகள் ஆள்குறைப்பு, முதலீட்டு வெட்டு என்று வரிசையாக அறிவித்த 2023ஆம் ஆண்டில் அந்தக் குறியீடு 65 சதவீதம் ஏறியது. இன்னும் துல்லியமான உதாரணம் வேண்டுமானால் 2023 ஏப்ரல் 7. முதல் காலாண்டின் இயக்க லாபம் 96 சதவீதம் சரிந்ததாகவும், மெமரி உற்பத்தியைக் கணிசமாகக் குறைப்பதாகவும் சாம்சங் அன்று சொன்னது. பங்கு நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறியது. உற்பத்தியைக் குறைத்தால் விலை நிமிரும், விலை நிமிர்ந்தால் மறுபடி இயந்திரம் வாங்குவார்கள் என்று சந்தை அதற்குள் மூன்று கட்டம் தள்ளிப் போய்விட்டது.

இதனால்தான் பங்கு விலையை லாபத்தால் வகுக்கும் பி.இ. விகிதத்தைப் பார்த்து ‘மலிவாக இருக்கிறதே’ என்று வாங்குகிறவர்கள் இந்தத் துறையில் மாட்டிக்கொள்கிறார்கள். லாபம் உச்சியில் இருக்கும்போது விகிதம் சின்னதாகத் தெரியும், கண்ணுக்கு மலிவு. லாபம் காணாமல் போனபின் அதே விகிதம் யானை விலை காட்டும். வாங்கவேண்டிய நேரம் பெரும்பாலும் அதுதான். கேட்பவரிடம் ‘விலை அதிகமாகத் தெரியும்போது வாங்கு, மலிவாகத் தெரிந்தால் விற்றுவிடு’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஞானி என்று நினைப்பார், ஆனால் கேட்கமாட்டார். கேட்காததால் நஷ்டமானால் பழி உங்கள் மேல் வராது. இந்தக் கட்டுரையில் உள்ள ஒரே உருப்படியான யோசனையும் ஆபத்தில்லாத யோசனையும் இதுவாகத்தான் இருக்கும்.

நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்கக்கூடும். ‘நீண்டகால நோக்கில் எல்லாம் ஏறும்’ என்று தோளில் தட்டுங்கள். பொய்யில்லை. அந்த ஃபிலடெல்பியா குறியீடு 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2018இல். அன்றைக்கு வாங்கியவர் பொறுமையாக இருந்திருந்தால் பதினெட்டு வருடத்தில் போட்ட முதல் திரும்பியிருக்கும். அவருடைய பெண்குழந்தை அதற்குள் கல்லூரி சேர்ந்திருப்பாள் என்பதெல்லாம் நம் துறைக்கு வெளியே உள்ள விஷயம்.

‘இனிமேல் சுழற்சியே கிடையாது’ என்று ஒரு கட்சி உண்டு. அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உச்சத்துக்கு அருகில் இருக்கும்போது இந்தக் கட்சியில் சேர்வதுதான் மரியாதை. 2000இல் இன்டர்நெட் வந்துவிட்டதால் சுழற்சி கிடையாது. 2017, 2018இல் டேட்டா சென்டருக்கு மெமரி தேவை என்பதால் கிடையாது, ‘சூப்பர்சைக்கிள்’ என்றார்கள். 2021இல் கார் கம்பெனிகளே சிப் இல்லாமல் தவித்ததால் கிடையாது. இப்போது ஏ.ஐ. இருப்பதால் கிடையாது. இந்தக் கடைசிக் காரணம் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை; ஏ.ஐ.க்கான மெமரிக்கும் சிப்புக்கும் உள்ள பசி நிஜம், 2024இல் இயந்திர விற்பனை 11,710 கோடி டாலர் என்று புதிய உச்சம் தொட்டதும் நிஜம். ஆனால் முதல் மூன்று காரணங்களும் அந்தந்த நேரத்தில் இதே அளவு நிஜமாகத்தான் இருந்தன. இன்டர்நெட் வரத்தானே செய்தது? 2025 ஜனவரி 27 அன்று, டீப்சீக் என்ற சீன மாடல் குறைந்த செலவில் உருவானது என்ற செய்திக்கு நிவிடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. இயந்திரப் பங்குகளும் சேர்ந்து விழுந்தன. இரண்டே நாளில் ஏ.எஸ்.எம்.எல். 710 கோடி யூரோ ஆர்டரைக் காட்டியதும் திரும்ப எழுந்தன. அந்த 27ஆம் தேதி ‘சுழற்சி முடிந்தது’ என்று பதிவு போட்டவர்கள் 29ஆம் தேதி அதை அழித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பதிவை அழிக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சியில் சேர்ந்ததே.

கடைசியாக, பேச்சு. கம்பெனிகள் காலாண்டுக் கூட்டங்களில் பேசுவதைக் கூர்ந்து கேட்டுப் பழகுங்கள். ஆர்டர் ரத்தானது என்று ஒருவரும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் வாங்கியதை ஜீரணித்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள். விற்பனை படுத்துவிட்டது என்பதற்கு, சில ஏற்றுமதிகள் அடுத்த காலாண்டுக்கு நகர்ந்தன. ஒன்றுமே தெரியவில்லை என்பதற்கு, கண்ணுக்கெட்டும் தூரம் இப்போது குறைவு. எதிர்காலத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அவர்களிடம் உள்ள ஒரே பதில்: இரண்டாம் பாதியில் மீட்சி. வருடத்தின் முதல் பாதி சுமார்தான், இரண்டாம் பாதியில் எல்லாம் நிமிரும். இதை நீங்களும் அப்படியே எடுத்தாளலாம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “ஏம்ப்பா, அந்த மெஷின் கம்பெனி ஷேர், இப்ப வாங்கலாமா?” என்று கேட்பார். “கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, இரண்டாம் பாதி வரட்டும்” என்று சொல்லிவிட்டு ரசத்துக்கு இலையைக் காட்டுங்கள். எந்த வருடத்தின் இரண்டாம் பாதி என்று அவர் கேட்கமாட்டார். கேட்டாலும் கவலையில்லை. ஏ.எஸ்.எம்.எல்.லின் கணக்கு வருடம் டிசம்பரில் முடிகிறது. அதன் இரண்டாம் பாதி ஜூலையில் தொடங்கும். டோக்கியோ எலெக்ட்ரானுக்கு வருடம் மார்ச்சில் முடிவதால் அக்டோபரில். லாம் ரிசர்ச், கே.எல்.ஏ. இரண்டுக்கும் ஜூன் கடைசியில் முடிவதால் ஜனவரியில். அப்ளைடு மெட்டீரியல்ஸ் அக்டோபர் கடைசியில் கணக்கு முடிப்பதால் மே மாதத்தை ஒட்டி. முகூர்த்தம் தையில் வந்தாலும் ஆவணியில் வந்தாலும், ஏதோ ஒரு கம்பெனிக்கு இரண்டாம் பாதி இன்னும் வரவேண்டியிருக்கும்.